சகடையின் வயிறு

குருநகரில் ஜெனிற்றாவைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி முதலில் சொல்வது, அவளுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்பதைத்தான். பூசையில் பிரசங்கம் தொடங்கினால் வாசல் பக்கம் போய் நின்றுவிடுவாள். கலியாண வீட்டுப் பந்தியில் பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போய் அடுத்தவர்களுக்குச் சோறு போடுவாள். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பதாகைக் கடையில் அவள்தான் வடிவமைப்பாளர். திருநாள் பதாகை, கண்ணீர் அஞ்சலி, வயசுக்கு வந்த பிள்ளைகளின் சாமத்தியவீட்டு வாழ்த்து எல்லாவற்றையும் கதிரையைத் தள்ளிவிட்டு நின்றபடியே செய்வாள். முதலாளி தியாகலிங்கம் மானிப்பாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போதெல்லாம், "பிள்ளை, உனக்குக் கதிரை வாங்கினது நட்டம்" என்று சொல்லாமல் உள்ளே வரமாட்டார்.

அவளை இருத்தி வைத்த வேலை ஒன்றே ஒன்றுதான். விமானங்களுக்கு நிறம் பூசுவது.

அதுவும் தியாகலிங்கத்தால் வந்ததுதான். கனடாவுக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன கணினியை அவர் கடைக்குக் கொண்டுவந்து, உள்ளே கிடப்பதையெல்லாம் அழிக்கச் சொன்னார். அழிக்க முன்னம் ஜெனிற்றா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்று விமானம் ஓட்டும் சிமுலேற்றர். விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பலாலி ஓடுபாதையிலிருந்து எப்படியோ கிளம்பித் தன் வீட்டைத் தேடி வந்தாள். வீடு இருக்கவேண்டிய இடம் வெறும் கடலாக இருந்தது. அது அவளுக்குச் சிரிப்பைத்தான் தந்தது. மனதை உறுத்தியது விமானம். கழுவித் துடைத்துக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தது போல ஒரு விமானம். உப்புக் காற்றில் கிடக்கும் எந்த இரும்பும் இப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். இதை எப்படி அழுக்காக்கலாம் என்று இணையத்தில் தேடினாள். தேடப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

சிமுலேற்றரோடு தானாக வரும் விமானங்கள் கொஞ்சம்தான். மிச்சத்தை உலகம் முழுக்க உள்ள ஆர்வலர்கள் தாங்களே செய்து பொதுத் தளங்களில் போடுவார்கள். அந்த விமானங்களுக்குப் புதுநிறம் பூசிக் கொடுப்பவர்கள் இன்னொரு கூட்டம். அந்த வேலைக்கு 'ரீபெயின்ற்' என்று பெயர். விமானத்தின் தோல் முழுவதும் ஒரு தட்டைப் படமாக விரிந்து கிடக்கும்: முதுகு ஒருபுறம், வயிறு ஒருபுறம், செட்டைகள் தனியே. கருவாட்டுக்கு வகிர்ந்து விரித்த மீனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைப் புரிந்துகொள்ளப் பாடம் தேவைப்படவில்லை. எந்த இடத்தை மடித்தால் எது எதோடு சேரும் என்று பார்த்த உடனேயே தெரிந்தது.

பயணிகள் விமானங்களை அவள் தொடவில்லை. அவை கழுவப்படுகிறவை. போர் விமானங்களில்தான் அவளுக்கு வேலை இருந்தது. புகை படிந்த வால், எண்ணெய் வழிந்த கோடு, ஆட்கள் ஏறி ஏறி நிறம் தேய்ந்த இடம், ஆணித் தலையிலிருந்து கீழே இறங்கும் துருக்கோடு. வள்ளங்களில் பெயின்ற் எப்படிக் கொப்பளிக்கும், எங்கே முதலில் உரியும் என்று சிறுவயது முதல் கண்டவள். தளத்தில் ஆங்கில எழுத்தில் 'உப்பு' என்று பெயர் வைத்துக்கொண்டாள். யாருக்கும் பொருள் தெரியவில்லை. பின்லாந்துக்காரி என்று நினைத்த ஒருவர் அந்த மொழியிலேயே நன்றி எழுதியிருந்தார்.

புருஷன் எமில்ராஜ், துறையடியில் வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவன். ஒருநாள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "உது சண்டைப் பிளேன் எல்லோ?"

"ஓம். ஆனால் பழசு. வேறை ஆக்களின்ரை."

அந்தப் பதில் இரண்டு பேருக்கும் அப்போது போதுமாக இருந்தது. பாலைவனத்தில் பறந்தவை, பனியில் பறந்தவை, தீவுகளுக்கு மேலே பறந்தவை என்று அவள் பூசிய எதுவும் அவளுடைய வானத்துக்கு வந்ததில்லை.

தளத்தில் அவளுக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். குருநாகலில் வங்கி ஒன்றில் வேலை செய்யும் ருக்மல். அவள் எதைப் பூசினாலும் முதலில் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வது அவன்தான். ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள். ஆணி வரிசை, இலக்கத்தின் அளவு, மழைக்காலம், வங்கி மேலாளரின் கோபம் என்று வருடக்கணக்காகக் கதை போனது. குரல் கேட்டதில்லை. தன் அப்பா பெயின்ற் அடிக்கிறவர் என்று அவன் ஒருமுறை எழுதியிருந்தான். வீட்டுச் சுவருக்கு அடிக்கிறவர் என்று ஜெனிற்றா நினைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவன் எழுதினான். நான்கு இயந்திரம் பூட்டிய பழைய சரக்கு விமானம் ஒன்றை யாரோ புதிதாகச் செய்து தளத்தில் போட்டிருக்கிறார்கள். அது எங்கள் நாட்டில் பறந்த காலத்து நிறத்தில் பூசித் தர முடியுமா? பக்கவாட்டுப் படங்கள் கைவசம் இருக்கின்றன. வயிற்றுப் பக்கம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை.

"செய்யலாம்" என்று எழுதி அனுப்பிவிட்டுத்தான் அவள் படங்களைத் திறந்தாள். மொக்கையான மூக்கு. நான்கு காற்றாடி. சண்டைக்காலத்தில் ஊருக்கு மேலே குண்டு போட வந்தது, சிறுவயதில் பெரியவர்கள் சகடை என்று சொல்லக் கேட்டது இதுதான். இழுத்து இழுத்து வரும் வண்டில் மாதிரி அதன் சத்தம் என்று அந்தப் பெயர். தூரத்தில் கேட்கத் தொடங்கினால் பதுங்குகுழிக்குப் போய்ச் சேர நேரம் இருக்கும். ஆனால் அது போய்த் தொலைவதற்கும் அவ்வளவு நேரம் எடுக்கும். ஜெனிற்றாவுக்குச் சொந்த ஞாபகம் இல்லை. அப்போது அவள் அம்மாவின் இடுப்பில் இருந்தவள்.

அவள் எழும்பிக் குசினிக்குப் போனாள். அம்மா மேர்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சகடையின்ரை வயிறு என்ன நிறம்?"

மேர்சியின் கை நின்றது. "ஏன் இப்ப உந்தக் கதை?"

"சும்மா. அறியத்தான்."

"கறுப்பு" என்றாள் மேர்சி. "கரிச்சட்டி மாதிரிக் கறுப்பு. போ அங்காலை."

எமில்ராஜைக் கேட்டால் சாம்பல் என்றான். பதுங்குகுழி வாசலில் போட்ட தென்னங்குற்றி இடுக்கால் பார்த்தவனாம். திங்கட்கிழமை கடையில் தியாகலிங்கத்தைக் கேட்டாள். வெள்ளி மாதிரி மினுங்கியது, மானிப்பாய் ஆஸ்பத்திரி வளவில் நின்று வடிவாகப் பார்த்தது என்று அடித்துச் சொன்னார். அச்சுவேலியிலிருந்து உரக்கடைப் பதாகைக்கு வந்திருந்த மனுசன் குறுக்கே விழுந்தார். "ஆர் சொன்னது வெள்ளி? கடும் பச்சை. தோட்டத்துக்கை நிண்டு அண்ணாந்து பாத்தனான்." இரண்டு பேரும் பதாகையை மறந்துவிட்டு வாதாடத் தொடங்கினார்கள். எல்லாரும் கண்டது வயிற்றை மட்டும்தான். ஒருவர் சொன்ன நிறத்தை இன்னொருவர் சொல்லவில்லை.

இதை ஒரு வேடிக்கையாக ருக்மலுக்கு எழுதினாள். அவன் பதில் அன்று மாலையே வந்தது.

"கவலைப்படாதே. அப்பாவிடம் கேட்டேன். வெளிர் நீலம். அந்த விமானத்துக்கு அடித்த ஆட்களில் அவரும் ஒருவர். அவருக்காகத்தான் இதைக் கேட்டேன். இப்போது வெளியே போவதில்லை, பழைய வேலையை ஒருமுறை பார்த்தால் சந்தோசப்படுவார். வானத்தோடு சேர்ந்துபோக வேண்டும், கீழே நிற்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக நீலமாம்."

கீழே நிற்பவர்கள். ஜெனிற்றா அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு கணினியை மூடாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரை வீதியில் இறங்கினாள். துறையடி வரை போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள், "என்ன ஜெனி, ஆரையும் தேடுறியோ?" என்று கேட்டார்கள். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

அந்தக் கிழமை முழுக்க அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ருக்மலுக்குப் பதில் எழுத இருப்பாள், எழும்பிவிடுவாள். அந்தோனியார் திருநாள் பதாகைக்குப் பின்னணியில் வானம் போடவேண்டும். ஒரு நீலம் போட்டாள், அழித்தாள், இன்னொன்று போட்டாள், அதையும் அழித்தாள். "வானம் ஒண்டுதானே பிள்ளை, ஏதாவதொண்டைப் போட்டு விடன்" என்றார் தியாகலிங்கம். அவள் அன்றைக்கு அரைநாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

துறையடியில் எமில்ராஜ் ஒரு இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள். ருக்மல் எழுதியதைச் சொன்னாள்.

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். "அப்ப செய்யாதை. ஆர் உன்னைக் கட்டி வைச்சுச் செய் எண்டு நிக்கிறது?"

"விட ஏலாமல் கிடக்கு."

"ஏன்?"

"தெரியேல்லை. அம்மா கறுப்பு எண்டுறா. அந்த மனுசன் தன்ரை கையாலை நீலம் அடிச்சனான் எண்டுறார். ஆர் பொய் சொல்லுறது?"

"ரெண்டு பேரும் ஏன் பொய் சொல்லப் போகினம்?" என்றான் எமில்ராஜ். அவ்வளவுதான் சொன்னான். குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் உடுப்பு மாற்றாமலே கணினிக்கு முன்னால் இருந்தாள். அன்று எழும்பவில்லை. முதுகுக்குப் பச்சையும் மண்நிறமும் படத்தைப் பார்த்துப் பூசினாள். வயிற்றுக்கு வெளிர் நீலம். இயந்திரங்களுக்குப் பின்னால் புகைக் கறை இழுத்தாள், சக்கரக் கதவுகளில் எண்ணெய் வழியவிட்டாள். பின்னேரம் விமானத்தைச் சிமுலேற்றரில் ஏற்றினாள். பலாலிப் பக்கமிருந்து தெற்கே பறக்கவிட்டு, பார்வையை விமானத்திலிருந்து பிரித்துக் குருநகர்க் கரையில் கொண்டுவந்து வைத்தாள். நிலத்தில் நிற்கும் ஆளின் உயரத்தில். வானத்தைப் பார்த்தபடி. நேரத்தை மதியமாக மாற்றினாள்.

அது வந்தது. முதலில் ஒரு புள்ளி. பிறகு செட்டை. தலைக்கு மேலே வந்தபோது அவள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். தன் கையால் பூசிய நீலம் எங்கேயும் இல்லை. வெயில் மேலே இருந்தது. வெளிச்சமெல்லாம் முதுகில் விழுந்தது. கீழே இருந்து பார்த்தால் கரிச்சட்டிதான். அம்மா சொன்ன அதே கறுப்பு. இன்னும் கொஞ்சம் சரிந்தபோது சாம்பல். திரும்பும்போது ஒரு பக்கம் வெள்ளியாக மினுங்கியது. பச்சை மட்டும் தெரியவில்லை. அச்சுவேலி மனுசன் எந்த நேரம் நின்று பார்த்தாரோ.

ஒலிபெருக்கி திறந்து கிடந்தது அவளுக்கு நினைவே இல்லை. விமானத்தைச் செய்தவர்கள் சத்தத்தையும் கவனமாகவே செய்திருந்தார்கள்.

யன்னலால் பார்த்தபோது மேர்சி முற்றத்தில் நின்றாள். கையில் மீன் வெட்டும் கத்தி, விரல்களில் செதில். கழுத்தை அண்ணாந்து கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள், நின்ற இடத்தில் சுற்றினாள். வானத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதபடியால்தான் அவளால் நிறுத்த முடியவில்லை. ஜெனிற்றா பாய்ந்து சத்தத்தை நிறுத்தினாள். மேர்சியின் தலை மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பியது.

உள்ளே வந்தாள். "அதென்ன சத்தம்?"

"அம்மா, இது கொம்பியூட்டர். இதிலை ஒரு..."

"அது என்ன சத்தமெண்டு எனக்குத் தெரியும். நீ சொல்லத் தேவையில்லை. ஏன் வீட்டுக்குள்ளை இருந்து வருது?"

மேர்சி திரையைப் பார்த்தாள். குனிந்து கிட்டப் பார்த்தாள். கத்தி இன்னும் கையில் இருந்தது.

"கறுப்பு" என்றாள். "நான் சொன்னனான்தானே."

"அது நீலம் அம்மா." ஜெனிற்றா பார்வையை விமானத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். திரை முழுக்க வெளிர் நீலம்.

மேர்சி நெடுநேரம் பார்த்தாள். "உது மாதா சேலை நிறமெல்லோ" என்றாள். "அந்த நிறத்தைப் பூசிக்கொண்டோ வந்தவங்கள்?" பிறகு, "உள்ளுக்கை ஆர் இருக்கிறது? முகத்தைக் காட்டு."

ஜெனிற்றா விமானி அறையைத் திறந்து காட்டினாள். இரண்டு இருக்கைகள். நெம்புகோல் தானாக அசைந்தது.

"ஒருத்தரும் இல்லையோ?"

"செய்த ஆக்கள் மனுசரை வைக்கேல்லை அம்மா."

"ஒருத்தரும் இல்லாமலோ வந்து போட்டது?" மேர்சி சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஜெனிற்றா முன்னம் கேட்டதில்லை. "இந்த நீலம் ஆர் அடிச்சது?"

"நானடிச்சது இது. உண்மையானதுக்கு அடிச்சது என்ரை சிநேகிதன்ரை தேப்பன்."

"அப்ப அந்த மனுசனுக்குச் சொல்லு. எங்களுக்குத் தெரிஞ்சதெண்டு சொல்லு. வடிவாத் தெரிஞ்சதெண்டு சொல்லு."

பாதி வெட்டிய மீனை மூடி வைத்துவிட்டு மேர்சி மாதா சொரூபம் வைத்த கெபியடிக்குப் போய்விட்டாள். அன்று வீட்டில் குழம்பு வைக்கவில்லை.

ஜெனிற்றா ருக்மலுக்கு எழுதவில்லை. அழைத்தாள். வருடக்கணக்காகப் பழகியவனின் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லியதாக இருந்தது. கண்டதைச் சொன்னாள், அம்மா சொல்லச் சொன்னதையும் சொன்னாள். மறுமுனையில் சிங்களத்தில் இரண்டு குரல்கள் கேட்டன. பிறகு ருக்மல் சொன்னான், "அப்பா பேசவேண்டுமாம். நான் மாற்றிச் சொல்கிறேன்."

முதியவரின் குரல் வந்தது. ருக்மல் ஆங்கிலத்தில் தொடர்ந்தான். "உண்மையாகவே தெரிந்ததா என்று கேட்கிறார்."

"தெரிந்தது. கறுப்பாக."

ருக்மல் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தான். "மேலே போய் வந்தவர்கள், நல்ல நீலம், ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொன்னார்களாம். கீழே இருந்து பார்த்த யாரிடமும் தான் கேட்டதில்லையாம்." மறுபடி முதியவரின் குரல். ருக்மல் தயங்கினான். "தான் பெயின்ற் அடித்தவர் மட்டும்தான் என்கிறார்."

"நானும் அவ்வளவுதான் என்று சொல்லு" என்றாள் ஜெனிற்றா. அவரை ஆற்றுவதற்குச் சொன்னாளா, சுடுவதற்குச் சொன்னாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. ருக்மல் அதை எப்படி மாற்றிச் சொன்னான் என்றும் தெரியாது.

விமானத்தை அவள் முடித்துத் தளத்தில் போட்டாள். பெயர் தமிழ் எழுத்தில் 'சகடை'. மற்றவர்கள் தங்கள் விமானங்களுக்கு அந்திச் சூரியனோடு பக்கவாட்டுப் படம் போடுவார்கள். அவள் போட்டது ஒரே படம். ஓட்டுக்கூரைகள், இரண்டு தென்னை, அவற்றுக்கு மேலே சின்னதாக ஒரு கறுப்புச் சிலுவை. நிறம் தெரியும்படி வேறு படம் போடச் சொல்லித் தளக்காரர்கள் எழுதினார்கள். போடமாட்டேன் என்று எழுதினாள்.

அதன்பிறகு வந்த வசவுகளுக்கு அளவில்லை. படையைக் கேவலப்படுத்துகிறாய் என்று சிலர். கொன்றவனுடைய விமானத்துக்குப் பொட்டு வைக்கிறாய் என்று லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் சிலர். "எடுத்துப்போடன், ஏன் உனக்கு இந்த வில்லங்கம்?" என்றான் எமில்ராஜ். எடுக்கத்தான் ஒருநாள் போனாள். அப்போதுதான் பிரியந்தினி என்ற பெண் எழுதியிருந்ததைக் கண்டாள். நோர்வேயில் இருக்கிறாள், சொந்த ஊர் பண்டத்தரிப்பு. சிமுலேற்றர் என்றால் என்னவென்றே தெரியாது, யாரோ அனுப்பியதால் படத்தை மட்டும் பார்த்தாளாம். "நான் கிணத்தடியிலை நிண்டனான், தலையிலை சவுக்காரம்" என்று ஒரு வரி. அதற்குக் கீழே இன்னொருவர், பள்ளிக்கூட மதிலோடு. இன்னொருவர், மாரி மழைக்குள் புகையிலைத் தோட்டத்தில். ஒருவர் பின் ஒருவராகத் தாங்கள் நின்ற இடத்தை எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

ருக்மல் இப்போதும் எழுதுகிறான். முன்போல இல்லை. ஆணி வரிசையைப் பற்றி எழுதும்போதும் இரண்டு பேரும் சொற்களைப் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். அவனுடைய அப்பா விமானத்தைப் பார்த்தாராம். ஓட்டிக் காட்டவா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாராம். கரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் அந்த இடத்தில் பார்வையை வைத்துவிடச் சொன்னாராம். அடுத்தது எந்த விமானம் என்று தளத்தில் கேட்பவர்களுக்கு ஜெனிற்றா பதில் சொல்லவில்லை. ஒன்றைத் திறப்பாள், வயிற்றுப் பக்கம் வந்ததும் எழும்பிப் போய்விடுவாள்.

பின்னேரங்களில் ஆட்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். முதல் நாள் மேர்சி காது கொடுக்காத மாதிரி இருந்தாள். இரண்டாம் நாள் குறுக்கே பேசத் தொடங்கினாள். "புகையிலைத் தோட்டமோ? மாரியிலை ஏது புகையிலை? உவன் கண்டபடி எழுதுறான்." பிறகொருநாள் கைத்துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்ரையையும் எழுது."

"சொல்லுங்கோ அம்மா. எங்கை நிண்டனீங்கள்?"

"நிண்டதெண்டு எழுதாதை. நான் நிக்கேல்லை." மேர்சி அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தாள். "உன்னையும் தூக்கிக்கொண்டு ஓடினனான். ஐஸ் வாடியடியாலை ஓடி, கோயில் பக்கம் சனம் நெரிஞ்சு நிக்குது, திரும்பி லவீனா வீட்டு ஒழுங்கைக்குள்ளை ஓடி... எழுதுறியோ?"

"எழுதுறன், கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ."

"ஆறுதலாச் சொல்ல ஏலாது" என்றாள் மேர்சி. "ஒழுங்கை முடியிற இடத்திலை ஒரு முள்வேலி..."